ஒரே கிண்ணத்துத் தேநீர்

புனே நகரின் சிங்ககட் சாலையில் ஜப்பானிய முறைத் தோட்டமொன்று உள்ளது. ஒகாயாமா நகரத்துக் கோராகுவென் தோட்டத்தை மாதிரியாகக் கொண்டு அமைந்த அது, மராட்டிய எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம்மவர் குடும்பங்கள் ஞாயிறுதோறும் அங்குச் சென்று குளத்தையும் பாலத்தையும் கண்டு திரும்புகின்றன. அம்மட்டில் நில்லாது, அந்நாட்டார் தேநீர் அருந்தும் முறையையும் கற்கவேண்டும் என்பது நமது விருப்பம்.

அம்முறை பௌத்த மடங்களில் வளர்ந்தது. தியானத்தில் உறக்கம் வாராதிருக்கப் பிக்குகள் தேநீர் அருந்தினர். ஏய்சாய் என்னும் பிக்கு 1191இல் சீனத்தினின்று தேயிலை விதை கொணர்ந்தார் என்பர். பின்வந்த சென் நோ ரிக்யூ (1522-1591) என்னும் வணிகர் மகன் அதனை ஓர் ஒழுக்கமாக்கினார். அவர் முறைப்படி அமைந்த தேநீர்க் குடிலின் வாயில் ஏறக்குறைய இரண்டடி உயரமே. பிரபுவாயினும் குனிந்து தவழ்ந்தே புகவேண்டும். போர்வீரன் வாளை வெளியில் வைத்துவிட்டே வருவான். கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலக்கி, ஒருவர் பருகி விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் தருவர்.

அன்பர்களே, இதனை நாம் எளிதில் கடந்துபோக இயலுமா? தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நம்மவர்க்குச் சிரட்டையும் தனிக் குவளையும் வைத்தனர். இளமையில் அக்குவளையை நாமே கழுவிக் கவிழ்த்து வந்திருக்கிறோம். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் மகத் நகரத்துச் சவதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினாரே, அதுவும் இப்பகைமையை எதிர்த்தன்றோ!

ஜப்பானியர் குற்றமற்றோர் என்று எவரும் எண்ணற்க. அங்கும் தோல் தொழில் செய்தோரைத் தீண்டாதாராய் ஒதுக்கினர். 1871இல் சட்டம் அவ்விழிபெயரை நீக்கிய பின்னும் வெறுப்பு எளிதில் அகலவில்லை. ரிக்யூவை ஆதரித்த ஹிதேயோஷி, பொன்னால் தேநீர் அறை செய்து செருக்கினான். இறுதியில் ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளுமாறு ஆணையிட்டவனும் அவனே. ஆகவே நாம் கொள்ளத்தக்கது கிண்ணமேயன்றிப் பொன்னறையன்று.

சங்க மண்டபத்தில் இரண்டு ஞாயிறுகளில் இதனைப் பயிலலாம். முதல் நாள் குயவரிடம் மண் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு கிண்ணமாகச் சக்கரமின்றிக் கையாலேயே வனைக. ரிக்யூவுக்காகச் சோஜிரோ என்பவர் செய்த கிண்ணங்களும் கையால் வனைந்தவையே. கோணலாயினும் தந்தையர் திருத்தற்க. சூளையில் சுட்டபின் அடுத்த ஞாயிறு தேநீர். நிழலில் வளர்த்து ஆவியில் வேகவைத்து அரைத்த அவர்களது பச்சைப்பொடி விலை மிகுந்தது. நமக்கு வழக்கமான தேயிலையே போதும். ஆலையில் பணியிடை வேளையில் நின்றபடியே தேநீரை விழுங்கிப் பழகிய நமக்கு, ஒரு கிண்ணத்திற்கு அரைமணி நேரம் என்பது தொடக்கத்தில் நகைப்பாகவே இருந்தது. பிள்ளைகள் நம்மினும் விரைவில் பழகிவிடுகின்றனர்.

இருமலுள்ளவர்க்குத் தனிக் கிண்ணம் தருக. அது நோய் பற்றியது, பிறப்புப் பற்றியதன்று. அயலார் எவரேனும் வந்திருப்பின், அவர் எவ்வகுப்பினராயினும், முதலில் அவர் கைக்கே கிண்ணம் செல்லட்டும். அவர் பருகிய விளிம்பைத் துடைத்து, அடுத்து நம் பிள்ளை பருகட்டும்.