இடமாறும் சிகிச்சையாளரும் அவர்தம் ஊதியமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோருட் பலர், ஓரிடத்தே நிலைத்திராது, பெரும்பாலும் 13 வார உடன்படிக்கை செய்துகொண்டு ஊர்தோறும் சென்று பணிபுரிகின்றனர். அன்னாரது ஊதியம் இடத்துக்கிடம் வேறுபடுவது ஏன் என்பதை நாம் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வூதியம் இருபாற்படும். ஒன்று, மணிக்கணக்கிற் பெறும் கூலி, இதற்கு வரியுண்டு. மற்றொன்று, உறையுளுக்கும் உணவுக்கும் அளிக்கப்படும் படி. வேறோரிடத்தில் நிலையான இல்லம் பேணி, அதன் செலவையும் ஏற்பவருக்கே இத்தொகை வரியின்றிக் கிட்டும். ஓரிடத்துப் பணி ஓராண்டைக் கடக்குமென எதிர்பார்க்கப்படின் அச்சலுகை நீங்கும். மத்திய அரசாங்கம் தன் ஊழியரின் பயணத்துக்கென ஊர்வாரியாக வகுத்துள்ள வீதமே இதற்கு அளவுகோலாகும். ஆதலின் சான் பிரான்சிஸ்கோ போன்ற மாநகரிற் படி மிகும், சிற்றூரிற் குறையும். எனினும், ஆள் கிடைத்தற்கரிய சிற்றூரிற் கூலி உயர்தலும் உண்டு. டெக்சாஸ், புளோரிடா முதலிய மாநிலங்களில் மாநில வருமானவரி இன்மையும் கருதற்பாலது.

மாநகரில் வாரம் 2,200 டாலரும், சிற்றூரில் 1,900 டாலரும் தருவரெனக் கொள்வோம். வாரவாடகை முன்னதில் 900, பின்னதில் 350 ஆயின், எஞ்சுவன முறையே 1,300, 1,550. பெருந்தொகை பெற்றவரே குறைவாக மிச்சம் பிடிக்கின்றார்!

மற்றுமொன்று. கூலியைக் குறைத்துப் படியைப் பெருக்கினால் இன்று கையிற் காசு மிகும். ஆயின் முதுமைக்கால அரசாங்க உதவித்தொகை வரிக்குரிய கூலியைக்கொண்டே கணிக்கப்படுதலின், அது பின்னர்க் குறையும். ஆகவே, சம்பளத்தை எண்ணுமுன் செலவையும், இன்றை எண்ணுமுன் நாளையையும் எண்ணுதல் நம்மனோர்க்குக் கடனாம்.