இழைகளின் உழைப்பை அளத்தல்

நுழையும்முன்

கடந்துபோன காலத்தைக் கடிகாரம் காட்டும். அக்காலத்தில் உழைத்தவர் யார், காத்திருந்தவர் யார் என்பதைக் காட்டாது. தொழிற்கூடத்திற்கும் கணினி நிரலுக்கும் பொதுவான இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

காத்திருப்பும் உழைப்பும்

விருதுநகர் மாவட்டத்தின் திருத்தங்கல், சிவகாசியை ஒட்டிய பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களால் வாழும் ஊர். இங்கே பல வேலைகளுக்குச் செய்த பொருளின் எண்ணிக்கையே கூலிக்குக் கணக்கு. வெயிலில் காய வேண்டிய சரக்கு மழையால் காயாவிடில், அடுத்த கட்ட வேலை செய்வோர் கைகட்டிக் காத்திருக்க நேரும். அவர் கூடத்தில் இருந்த நேரம் வேறு. அவர் கைகள் உழைத்த நேரம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், வேலை தாமதமானதற்கான பழி அவர்மீதே விழும்.

இழை என்பது யாது?

ஒரு நிரலுக்குள் தனித்தனியே நடைபெறும் பணித்தொடர்களை இழைகள் என்பர். ஒரே நிரலின் இழைகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த இழை எப்போது மையச் செயலகத்தைப் பயன்படுத்தலாம் என்பதை இயக்க அமைப்பு முடிவு செய்கிறது. இழையொன்று செயலகத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் இடைப்பட்ட நேரத்தை அவ்விழையின் கணக்கில் சேர்க்கிறது. இவ்வாறு சேர்ந்த தொகையே அவ்விழையின் செயலக நேரம். வட்டிலிருந்து தரவு வரும்வரை காத்திருந்த நேரமும், உறக்க நிலையில் இருந்த நேரமும் இதில் சேரா.

செயலக நேரம் இருவகைப்படும். நிரலின் சொந்தக் கட்டளைகளுக்குச் செலவானது பயனர் நேரம். அந்நிரலுக்காக இயக்க அமைப்பின் கருவகம் உழைத்தது கருவக நேரம்.

அளக்கும் முறை

பணியின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் இழையின் கணக்கைப் படித்து, பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தல் வேண்டும். 2018இல் வெளிவந்த பைத்தான் 3.7 பதிப்பில் இதற்கெனத் 'திரெட்_டைம்' என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அது தன்னை அழைக்கும் இழையின் நேரத்தையே தரும். ஆதலால் அளக்கப்பட வேண்டிய இழைக்குள்ளேயே அதனை அழைத்தல் வேண்டும். முதன்மை இழையிலிருந்து அழைத்தால் முதன்மை இழையின் கணக்கே கிடைக்கும். ஜாவா மொழியில் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், ஓர் இழையின் அடையாள எண்ணைக் கொண்டு பிற இழையின் நேரத்தையும் அறிய இயலும். லினக்ஸில் 'டாப்' கட்டளையை இழைவாரியாகக் காட்டுமாறு இயக்கினால், ஒவ்வோர் இழையின் செலவும் திரையில் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு

நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றின் நிரலில் மூன்று இழைகள் உள்ளன எனக் கொள்வோம். முதல் இழை படங்களைப் படிக்கிறது; இரண்டாவது வண்ணங்களை நான்காகப் பிரிக்கிறது; மூன்றாவது கோப்புகளை எழுதுகிறது. பணி முடியக் கடிகாரத்தில் 60 நொடிகள் ஆயின. வண்ணம் பிரிக்கும் இழை 60 நொடிகளும் முடியாதிருந்தமையால், தாமதத்திற்கு அதுவே காரணம் என்றும் விரைவான செயலகம் வாங்க வேண்டும் என்றும் எண்ணத் தோன்றும்.

செயலக நேரத்தை அளந்தபோது முதல் இழைக்கு 3 நொடி, இரண்டாவதற்கு 6 நொடி, மூன்றாவதற்கு 1 நொடி எனத் தெரிந்தது. மூன்றும் சேர்ந்து 10 நொடிகளே. வேறு நிரல் எதுவும் இயங்காத கணினியில், எஞ்சிய நேரத்தின் பெரும்பகுதி படங்கள் வந்து சேர்வதற்கான காத்திருப்பே ஆகும். செயலகத்தின் வேகத்தை இருமடங்காக்கினாலும் ஏறத்தாழ 5 நொடிகளுக்கு மேல் மிச்சமாகாது. திருத்தப்பட வேண்டியது படங்கள் வரும் வழியே.

மாறாக, செயலக நேரம் கடிகார நேரத்தை மிஞ்சுவதும் உண்டு. நான்கு இழைகள் நான்கு உள்ளகங்களில் ஒரே வேளையில் 3 நொடி உழைத்தால், கடிகாரம் 3 நொடி காட்டும். செயலக நேரத்தின் கூட்டுத்தொகை 12 நொடி ஆகும்.

எண்ணின் எல்லை

செயலக நேரம் குறைந்த இழை பயனற்றது என முடிவு செய்தல் தவறு. பயனரின் கட்டளைக்காகக் காத்திருக்கும் இழை மிகக் குறைவாகவே உழைக்கும். அது இல்லையேல் நிரல் எவருக்கும் பதில் கூறாது. அளவு காரணத்தைத் தேடத் துணைபுரியும். தீர்ப்பை ஆராய்ந்தே வழங்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் திருத்தங்கல், தங்கால் எனக் குறிக்கப்படுகிறது. அவ்வூர் வார்த்திகனின் மகனுக்குப் பராசரன் அணிகலன்களைப் பரிசளித்தான். அவை வந்த வழியை ஆராயாத காவலர் வார்த்திகனைச் சிறையிட்டனர். ஐயை கோயிலின் கதவு திறவாமை கண்டு உண்மையை உசாவிய பாண்டியன், அவனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் வழங்கினான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றில் உழைக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. ஓர் இழையின் கடிகார நேரம் 20 நொடி, செயலக நேரம் 19 நொடி. அதனை விரைவுபடுத்த எதனைத் திருத்துவீர்? காரணம் தருக.
3. 'ஆராயாமல் பழி சுமத்தலாகாது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.