கொரோனா தாக்கினால் கல்லீரல் என்ன ஆகும்?

கொரோனான்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது நுரையீரலும் மூச்சுத்திணறலும்தான். ஆனால் வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உழைக்கிற ஒன்றரைக் கிலோ உறுப்பையும் அந்தக் கிருமி சும்மா விடவில்லை. அதுதான் கல்லீரல்.

2021-இல் எங்க தாத்தா கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு அளவுகள் கூடியிருந்தன. "ஐயோ, ஈரலும் போச்சா?" என்று பாட்டி அழுதுவிட்டார். போகவில்லை, சில வாரங்களில் இரண்டும் இறங்கிவிட்டன. உயிரியல் படிக்க ஆரம்பித்த பிறகு, அது ஏன் என்று தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

அந்த இரண்டும் என்ன?

இரண்டும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். மூட்டை கிழிந்தால் அரிசி சிந்துகிற மாதிரி, கல்லீரல் செல் காயப்பட்டால் இவை ரத்தத்தில் கசியும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இதயத்திலும்கூட உண்டு. அதனால் அது கூடினாலே கல்லீரல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

ஏன் கூடுகிறது?

1. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசல் ஏ.சி.இ.2 என்ற புரதம். கல்லீரலில் இது பித்தநாளச் செல்களில் அதிகம்.
2. கிருமியை எதிர்க்கக் கிளம்பும் அழற்சி அளவுமீறி, சொந்த உறுப்புகளையே தாக்கும்.
3. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கல்லீரல் செல்களும் தவிக்கும்.
4. சிகிச்சைக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் காரணமாகலாம்.

நோயாளிகளுக்கு என்ன ஆனது?

சீனாவில் 1,099 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியானது. எஸ்.ஜி.ஓ.டி. பார்க்கப்பட்டவர்களில், நோய் கடுமையாகாதவர்களில் 18.2 சதவீதம் பேருக்கு அது கூடியிருந்தது. கடுமையானவர்களில் 39.4 சதவீதம்! அதாவது இந்த அளவு ஒரு எச்சரிக்கை மணி. நோய் உடம்பை எவ்வளவு உலுக்குகிறது என்று அது டாக்டருக்குச் சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்ததும் அளவும் தானாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் பயமே வேண்டாமா? ஏற்கனவே கல்லீரல் கெட்டவர்களின் கதை வேறு. நாள்பட்ட கல்லீரல் நோயோடு கொரோனாவும் வந்த 745 பேரின் விவரங்களை 29 நாடுகளிலிருந்து மருத்துவர்கள் திரட்டினார்கள். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நிலைக்குப் போகாதவர்களில் 8 சதவீதம் பேர் இறந்தார்கள். சிரோசிஸ் இருந்தவர்களில் 32 சதவீதம். அதிலும் ஆரம்பக் கட்டத்தில் 19, நடுக் கட்டத்தில் 35, முற்றிய கட்டத்தில் 51 சதவீதம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது நுரையீரல் செயலிழப்புதான். கல்லீரல் தளர்ந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியும் தளரும். உடம்பால் போராட முடியாது. ஆக, கொரோனா புதிதாகச் செய்த காயத்தைவிட, பல வருஷமாகச் சேர்ந்த பழைய காயமே ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

சிரோசிஸ் ஒரே நாளில் வருவதில்லை. குடிப்பழக்கம், மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி மற்றும் சி, அதிக எடையால் கல்லீரலில் சேரும் கொழுப்பு ஆகியவை முக்கியக் காரணங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. மற்றவற்றையும் தடுக்கலாம், இல்லை சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யலாம்.

இன்னொன்று. காய்ச்சல் வந்தால் நாமாகவே பாராசிட்டமால் மாத்திரையை அள்ளிப் போடக்கூடாது. அளவு மீறினால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும். பல சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்குமுன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலையோ கல்லீரல் நோயோ இருந்திருந்தால், எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருமுன் காப்போம்!