எந்த உதவிக்கு எந்தக் கதவு: இரணைமடுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயலில் வேலை உண்டு. ஆனால் சாந்தபுரம், கனகாம்பிகைக்குளம் பக்கம் காணியில்லாமல் கூலிக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்த வேலை விதைப்போடும் அறுவடையோடும் முடிந்துபோகும். அறுவடையையும் இப்போது மெஷின் பார்த்துக்கொள்கிறது. இடையில் வரும் வெறும் மாதங்களில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கைகொடுப்பவை அரச கொடுப்பனவுகள்தான். 2023க்குப் பிறகு அவற்றின் விதிகள் பெருமளவு மாறிவிட்டன. எதை யாரிடம் கேட்பது என்று தெரியாததால் கிடைக்கவேண்டியதைக் கேட்காமலே விடுகிற குடும்பங்கள் உண்டு.

முதலில் அஸ்வெசும. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு இது வந்தது. சமுர்த்தியில் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பணம் கொடுத்தார்கள். கட்டாய சேமிப்புக்குக் கழித்த மிச்சமே கைக்கு வந்தது. அஸ்வெசும ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டு, குடும்பத்தை ஒரு வகைக்குள் போட்டு, பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. முன்பு இவை 8,500, 15,000. தொகை சமுர்த்தியைவிடப் பெரிது, உண்மை. ஆனால் நாலு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்கும் ஒரே தொகை என்பது பிள்ளைகளை மறந்த கணக்கு. இதைத் திருத்தத்தான் வேண்டும்.

வன்னிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபா உதவியோடு கட்டிய கல்வீடுகள் இங்கே ஏராளம். வீட்டின் நிலையும் ஒரு குறிகாட்டி. சீமெந்துச் சுவரைக் காண்கிற படிவத்துக்கு உள்ளே அடுப்பு எரிகிறதா என்று தெரியாது. ஆகவே அஸ்வெசும மறுக்கப்பட்டு மேன்முறையீடு எழுதும்போது ‘நாங்கள் ஏழைகள்’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்று குறித்து எழுதவேண்டும்: நீண்டகால நோயாளி ஒருவர் விடுபட்டிருக்கலாம், பள்ளிக்குப் போகும் பிள்ளை சேர்க்கப்படாமல் இருக்கலாம், வீடு இந்தியத் திட்டத்தில் கிடைத்தது என்பது சொல்லப்படாமல் போயிருக்கலாம். மின் பட்டியல், கிளினிக் அட்டை, கணவனின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்தால் வாதம் நிற்கும்.

இரண்டாவது, ஆளுக்குரிய கொடுப்பனவுகள். குறைந்த வருமானமுள்ள 70 வயது தாண்டியவருக்கு 2025 முதல் மாதம் 5,000 ரூபா; மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 10,000 ரூபா. அம்மம்மா பேரப்பிள்ளைகளை வளர்க்கிற வீடுகள் வன்னியில் அதிகம். அத்தகைய வீட்டில் அஸ்வெசும விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல், அம்மம்மாவின் வயதையும், குறைபாடுள்ள பிள்ளை இருந்தால் அதையும் தனித்தனியே சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதியவேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கதவு வேறு. அங்கே விதானையாரை (கிராம அலுவலரை) விட மிட்வைஃப்தான் முக்கியம். கிளினிக்கில் பதிந்தால்தான் போஷாக்குக் கொடுப்பனவு. பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா கிடைப்பது சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டில் உள்ள நிறைக் கோட்டைப் பொறுத்தது. ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு என்று வரும் அந்தப் பதிவேட்டைப் பல தாய்மார் தடுப்பூசித் திகதிக்கு மட்டும் புரட்டுகிறார்கள். உள்ளே மாதாமாதம் குறிக்கும் புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே போகாமல் படுத்துக்கிடந்தாலோ கீழே இறங்கினாலோ, கேட்காமல் இருக்கக்கூடாது. வறட்சி மாதங்களில் அந்தக் கோடு சொல்வதை வேறெந்தப் படிவமும் சொல்லாது.

மூன்று வயதானதும் முன்பள்ளி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் போருக்குப் பின் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் நடந்தன. ஆசிரியைகளுக்கு மாகாணம் கொடுத்த சிறு படியைவிட அங்கே சம்பளம் பன்மடங்காக இருந்தது. பிள்ளைகளின் பள்ளியைப் பாதுகாப்புத் துறை நடத்துவதை மக்கள் அமைப்புகளும் அடையாளம் கொள்கை ஆய்வு மையமும் கடுமையாகக் கேள்வி கேட்டன. அதேவேளை ஆசிரியைக்கு வாழப் போதுமான சம்பளம் தேவை என்பதிலும் சந்தேகமில்லை. தாய் தகப்பன் தேர்வு செய்யும்போது வாசலில் யாருடைய பெயர்ப்பலகை என்பதைவிட மூன்றைப் பார்க்கலாம்: ஆசிரியை பயிற்சி பெற்றவரா, கழிவறையும் தண்ணீரும் உண்டா, காலைச் சாப்பாடு கிடைக்கிறதா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிக் காலை உணவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 60 ரூபாவாக இருந்த ஒதுக்கீடு 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தச் சாப்பாடு தட்டுக்கு வருகிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

கடைசித் தேர்வுதான் மிகக் கடினமானது. தகப்பன் இல்லை, தாய் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போகவேண்டும் என்றால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவதா, பெரியம்மா வீட்டிலா? கிளிநொச்சியில் நல்ல பெயரோடு இயங்கும் இல்லங்கள் உண்டு. பாதுகாப்பே இல்லாத பிள்ளைக்கு அவை உயிர். ஆனால் இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். அவர்களைப் பிரித்ததில் வறுமைக்குப் பெரிய பங்கு உண்டு. 2019இல் அமைச்சரவை ஏற்ற மாற்றுப் பராமரிப்புக் கொள்கை, இல்லம் கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பெற்றோரின்றி இல்லங்களில் வாழும் பிள்ளைகளுக்கும், பாதுகாவலரிடம் வளர்பவர்களுக்கும் மாதம் 5,000 ரூபா முன்மொழியப்பட்டது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ‘செவன சரண’ அனுசரணைத் திட்டமும் உண்டு. வீட்டில் அடி, துஷ்பிரயோகம், குடி என்றால் விஷயம் வேறு. உடனே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைக்கவேண்டும். பஞ்சம் மட்டுமே காரணம் என்றால் இல்லத்துக்கு முன் உறவினர் வீடுதான் சரியான தேர்வு.

எனவே இல்லத்துக்கான கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன், கரைச்சிப் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு, பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க என்ன உதவி உண்டு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.