கடலோரச் சாலைகளில் லாரிகள்: துருவை முந்தும் பராமரிப்பு

நமது நாட்டில் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி சாலை வழியாகவே நடைபெறுகிறது. இதில் ஈடுபட்டுள்ள லாரிகளில் மிகப் பல, ஒன்றிரண்டு வண்டிகளை மட்டுமே உடைய சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. வண்டி நின்றால் வாடகை நின்றுவிடும். கடன் தவணை நிற்பதில்லை. இத்தகைய இழப்புக்குச் சில வேளைகளில் ஒரு சிறிய ஸ்டட் ஆணியே காரணமாகிவிடுகிறது.

பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். மர்மகோவா, புதிய மங்களூர், கொச்சி ஆகிய துறைமுகங்களின் சரக்கு லாரிகள் இதில் ஓடுகின்றன. கடற்காற்று சுமந்து வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு ஈரத்தை உறிஞ்சி நீராகக் கசிகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இக்கரையின் ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே உள்ளது. எனவே மழை படாத வண்டியும் துருப்பிடிக்கிறது.

பழுது ஏற்படும் விதம்

எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்து அனுப்பும் வார்ப்பிரும்புப் பகுதியே எக்ஸாஸ்ட் மானிபோல்டு. இதன் மேற்பரப்பில் படியும் துருவினால் பெருந்தீங்கில்லை. இதனைச் சிலிண்டர் ஹெட்டுடன் பிணைக்கும் ஸ்டட்டுகளிலும் நட்டுகளிலும் பிடிக்கும் துருவே ஆபத்தானது.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள மானிபோல்டு 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீள்கிறது, குளிர்ந்ததும் சுருங்குகிறது. இந்த அசைவு இரு முனைகளிலும் மிகுதி. அதனால் முனைகளிலுள்ள ஸ்டட்டுகளே பெரும்பாலும் முதலில் முறிகின்றன. துரு, தான் உண்ட இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகள் இறுகிப்போய், நட்டு கழல மறுக்கிறது.

அறிகுறிகளும் விளைவுகளும்

இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிவதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது 'டிக், டிக்' என்று எழும் ஒலி சூடேறியதும் அடங்குவதும் கசிவின் அறிகுறிகள். ஒலி அடங்கிவிட்டதே என்று வாளாவிருத்தல் தவறு. கசிவினால் டர்போசார்ஜருக்குச் செல்லும் விசை குறைகிறது. இழுவை தளர்ந்து டீசல் செலவு உயர்கிறது. ஓட்டுநரின் அறைக்குள்ளும் புகை நுழையக்கூடும். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த லாரிகளில், இக்கசிவு புகையைத் தூய்மை செய்யும் சாதனங்களின் இயக்கத்தையும் பாதிக்கலாம்.

செய்ய வேண்டியவை

பருவமழைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் எல்லா நட்டுகளையும் சோதிக்க வேண்டும். துறைமுகப் பணி முடிந்ததும் வண்டியை நன்னீரால் கழுவுதல் நலம். ஆனால் சூடான மானிபோல்டின் மேல் நீர் ஊற்றினால் அது வெடிப்பு விடக்கூடும்.

கழற்றும் வேலையை எஞ்சின் குளிர்ந்த பின்னரே தொடங்க வேண்டும். துருவிளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே ஊற்றி ஊறவிட வேண்டும். நட்டைச் சிறிது தளர்த்தி, மீண்டும் சிறிது இறுக்கி, படிப்படியாகக் கழற்றுவதே முறை. முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். பிறகு துளையிட்டு எடுக்கவோ, ஹெட்டையே கழற்றவோ நேரிடும்.

மீண்டும் பொருத்துகையில் மரைகளைத் தூய்மை செய்து, மானிபோல்டின் முகம் வளைந்துள்ளதா என்று மட்டக்கோல் வைத்துப் பார்த்து, புதிய கேஸ்கட் இட வேண்டும். சாதாரண கிரீஸ் வெப்பத்தில் எரிந்துவிடும். மரைகளுக்கு நிக்கல் கலந்த, வெப்பம் தாங்கும் பசையே ஏற்றது. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகுவதால், அம்முலாம் பூசிய மலிவான நட்டுகள் இவ்விடத்திற்குப் பொருந்தா. நடுவிலிருந்து முனைகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ஸ்பேனர் கொண்டு தயாரிப்பாளரின் கையேடு கூறும் அளவுக்கே இறுக்க வேண்டும். பசை தடவிய மரை எளிதில் சுழலுமாதலால், அதற்குரிய அளவையும் கையேட்டில் பார்த்துக்கொள்வது அவசியம்.

நட்டு கழலும் நிலையில் இருக்கும்போதே அதனைக் கவனித்தால் சில மணி நேர வேலையோடு முடியும். முறிந்தபின் கவனித்தால் பல நாள் வருவாய் போகும். பருவமழைக்கு முன் ஒதுக்கும் அந்தச் சில மணி நேரமே சிறு உரிமையாளரின் தொழிலுக்குக் காப்பாகும்.