படம் எந்த இடத்தில் நிற்கிறது?

அன்பு மருமகளுக்கு,

கம்பத்திலிருந்து மாமா எழுதுவது. வகுப்பு லேப்டாப்பில் புது உபுண்டு ஏற்றிய மறுநாளே புரொஜெக்டர் படுத்துவிட்டது, பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று எல்லாரும் பேசுகிறார்கள் என்று போனில் சொன்னாய். குரலிலேயே அழுகை தெரிந்தது. போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்பதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் தொல்லைக்கு அண்ணன் மாதிரி ஒரு தொல்லை, உடும்பஞ்சோலைப் பக்கம் தமிழ் வழி வகுப்புகள் உள்ள ஒரு பள்ளியில் நடந்தது. அங்கே உபுண்டு 18.04-ஐ எடுத்துவிட்டு 22.04-ஐப் புதிதாக நிறுவினார்கள். மறுநாள் காலை டீச்சர் புரொஜெக்டரைப் போட்டார். படம் வந்தது, ஆனால் கலங்கலாக வந்தது. பின் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ‘க’ எது, ‘க்’ எது என்று புரியாமல் தமிழ்ப் பாடம் படிக்க முடியுமா? அமைப்புகளைத் திறந்து பார்த்தால் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை. அந்தப் புரொஜெக்டரோ 1280×800-க்கென்று செய்தது. நேற்றுவரை அது பளிச்சென்று காட்டியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் புது உபுண்டுதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்க வேண்டுமானால், கணினியும் திரையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். கேபிளைச் செருகியதும் படம் ஓடுவதில்லை. முதலில் திரை தன் ஜாதகத்தை நீட்டுகிறது. இ-டி-ஐ-டி என்பார்கள். அடிப்படை அளவு 128 பைட்டுதான். என்னைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார்கள், எந்தெந்த அளவில் படம் காட்டுவேன் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். திரையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அதை வாசித்து, ஒத்துவரும் அளவுகளை மேலே சொல்கிறது. டெஸ்க்டாப் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் படம். ஜாதகம் கிடைக்காவிட்டால் கணினி ஆபத்தில்லாத ஒரு சின்ன அளவைத் தானே வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது 1024×768.

ஆக அந்தப் பள்ளியில் ஜாதகம் வந்து சேரவில்லை. ஏன்?

விஜிஏ கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார். 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த அதே வடிவம்தான் இன்றும். மூன்று வரிசை, 15 ஊசிக்கான இடம். 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலம். 13, 14 படத்தை ஒழுங்காக நிற்கவைப்பவை. ஜாதகம் போவது 12, 15 வழியாக. 9-ஆவது ஊசி பல கேபிள்களில் இருக்காது, அதைப் பார்த்துப் பதறாதே. அந்தப் பள்ளிக் கேபிளில் 12-ஆவது ஊசி படுத்து, பக்கத்து ஊசியோடு ஒட்டிக் கிடந்தது. யாரோ அவசரத்தில் கோணலாகச் செருகியிருக்கிறார்கள். வண்ண ஊசிகள் நேராக இருந்ததால் படம் மட்டும் ஓடிவிட்டது.

ஊசி நேற்று வளைந்ததல்ல. முன்பு அங்கே ஐடி பொறுப்பில் இருந்த சார், படம் மங்கியதைப் பார்த்து, எக்ஸ்-ரேண்டர் என்ற கட்டளையை மூன்று வரி எழுதி, லேப்டாப் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி வைத்திருந்தார். முதல் வரி 1280×800 என்றொரு அளவை உண்டாக்கும், இரண்டாவது அதை விஜிஏ துளையோடு சேர்க்கும், மூன்றாவது அதற்கு மாற்றும். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த மூன்று வரியை அவர் யாரிடமும் சொல்லவுமில்லை, எழுதி வைக்கவுமில்லை. புதிதாக நிறுவியபோது அதுவும் அழிந்தது. பழைய காயத்தின் மேலிருந்த கட்டு அவிழ்ந்ததைத்தான் எல்லாரும் புதுக் காயம் என்று நினைத்தார்கள்.

நிறுவுமுன் நகல் எடுத்து வைத்த பென்டிரைவிலிருந்து அந்த மூன்று வரியைத் தேடி எடுத்து ஓட்டியும் பலன் இல்லை. இது மட்டும் உண்மையிலேயே புது உபுண்டுவால் வந்த மாற்றம். திரையில் சன்னல்களை வரைந்து காட்டும் பொறுப்பு 18.04-ல் எக்ஸ்-ஆர்க் என்பதிடம் இருந்தது. 22.04-ல் பெரும்பாலான கணினிகளில் அது வேலண்ட் என்பதிடம் போய்விட்டது. எக்ஸ்-ரேண்டர் எக்ஸ்-ஆர்க்கின் வேலையாள். வேலண்ட் அதனிடமிருந்து உத்தரவு வாங்காது. வெளியேறி, பெயரைத் தொட்டு, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நின்றால் கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். அதில் ‘உபுண்டு ஆன் எக்ஸ்-ஆர்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்து நுழைந்தால் அந்தப் பழைய வரிகள் மறுபடி ஓடும். ஆனால் நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். கேபிளை மாற்றச் சொல்வேன். மாற்றினார்கள், 1280×800 தானாகவே வந்தது.

இப்போது உன் லேப்டாப்புக்கு வருவோம். உன் புரொஜெக்டர் மங்கவில்லை, ‘சிக்னல் இல்லை’ என்றே சொல்கிறது. புரொஜெக்டர் எந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ரிமோட்டில் முதலில் பார். கேபிள் எச்டிஎம்ஐ-யில் இருக்கும், புரொஜெக்டர் விஜிஏ-வில் காத்துக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸ் படம் போட்ட விசையோடு ‘பி’ விசையை அழுத்து. உபுண்டுவிலும் அது வேலை செய்யும். இரண்டும் பலிக்காவிட்டால் பக்கத்து வகுப்புக் கேபிளைக் கடன் வாங்கி ஒருமுறை செருகிப் பார்.

அதற்கும் மசியவில்லை என்றால், குற்றம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. யாரும் எளிதில் சொல்லித்தராத இடம். கோப்பு மேலாளரில் கணினியின் வேருக்குப் போ. ‘சிஸ்’ கோப்புறை, அதற்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’. படம் வெளியேறும் ஒவ்வொரு துளைக்கும் அங்கே ஒரு கோப்புறை இருக்கும். எச்டிஎம்ஐ என்று பெயருள்ளதைத் திறந்து ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைப் படி. ‘டிஸ்கனெக்டட்’ என்று இருந்தால் திரை ஒட்டியிருப்பதே உபுண்டுவின் அடியில் இருக்கும் லினக்ஸின் கருவுக்கு (கெர்னல்) தெரியவில்லை. கேபிள், துளை, புரொஜெக்டர் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கோளாறு. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி ஆனால் துளையே போயிருக்கலாம். நம் மலையில் மழைக்காலத்தில் கேபிள்களைச் செருகியபடியே விட்டுப் போகாதே. ‘கனெக்டட்’ என்று இருந்தும் படம் வரவில்லையென்றால், தடங்கல் பெரும்பாலும் மேலே, டிரைவரிலோ டெஸ்க்டாப்பிலோ இருக்கிறது. கேபிளை விட்டுவிடலாம்.

மேலே இருந்தால் பற்சக்கரத்தில் எக்ஸ்-ஆர்க்கை ஒருமுறை சோதித்துப் பார். புதிதாக நிறுவாமல் பழையதன் மேலேயே மேம்படுத்தியிருந்தால், ‘.கான்ஃபிக்’ என்ற மறைந்த கோப்புறையில் ‘மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்’ இருக்கும். பழைய திரை ஏற்பாடுகளை டெஸ்க்டாப் அதில்தான் நினைவு வைத்திருக்கும். அழிக்காதே. பெயரை மாற்றிவிட்டு வெளியேறி உள்ளே வா. அதுவும் இல்லையென்றால் கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உண்டு. அன்றாட அப்டேட்டில் புதுக் கரு வரும்போது உபுண்டு முந்தைய கருவை வைத்திருக்கும். அதைத் தேர்ந்து திறந்தால் படம் வருகிறதா என்று பார். வந்தால் புதுக் கருவுக்கும் டிரைவருக்கும் ஒத்துவரவில்லை என்று பொருள். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நடக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கேபிளையும் மாற்றி, கருவையும் மாற்றி, படமும் வந்துவிட்டால் எது சரிசெய்தது என்று உனக்கே தெரியாது. அடுத்த வகுப்பில் அதே கோளாறு வரும்போது கை கட்டி நிற்பாய்.

உன் அப்பாவுக்கும் இதைச் சொல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. கடைக் கணினியை 11-க்கு ஏற்றியதிலிருந்து இரண்டாவது மானிட்டர் இருட்டு என்கிறார். புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் ஏலத்தில் கணினியில்தான் விலை கேட்கிறார்கள், அவருக்குத் திரை வேண்டும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ (பால் பாட்டிலின் ‘பி’, முன்பு சொன்ன ‘பி’ அல்ல) நான்கையும் சேர்த்து அழுத்தச் சொல். டிரைவர் தூங்கி எழும். டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும். பழைய விண்டோஸுக்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம்.

கடைசியாக உன் பள்ளிக்கே திரும்புவோம். உங்கள் கேரளத்தில் பள்ளிகளுக்கான ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கியது. 2017-ல் அது கைட் என்ற நிறுவனம் ஆனது. 2018-லிருந்து 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போயின. அத்தனை வகுப்பிலும் கட்டற்ற மென்பொருள். பள்ளிக்குப் பள்ளி அவற்றைப் பார்த்துக்கொள்ளும் லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளில் ஒருத்தி நீ. உன்னைத் திட்டுகிறவர்களிடம் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்து காட்டு. வாய்ச்சண்டை வேண்டாம். என்ன செய்தாய், என்ன ஆனது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி லேப்டாப் பைக்குள்ளேயே வை. மாற்றலாகிப் போன அந்த சார் இதைச் செய்திருந்தால் டீச்சருக்கு அத்தனை நாள் பாடம் நின்றிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருகிறேன். ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு விஜிஏ கேபிளும் கொண்டுவருகிறேன். உங்கள் பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதன் முனையை இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா