மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தாங்கி

கொத்மலை அணை கட்டியபோது (1979–1985) நிலமிழந்த பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. இன்று மண்சரிவுக்கு அஞ்சி லயத்தை விட்டுப் போகிறவர்களும் உண்டு. பாத்திரம், படுக்கை எல்லாம் ஜீப்பில் ஏறிவிடும். மோட்டார் சைக்கிள் மிஞ்சும். அதற்கு ஜீப்பின் பின்னால், இழுவைக் கொக்கி இருக்குமிடத்தில், ஒரு தாங்கி செய்யலாம்.

முதலில் ஒரு கணக்கு. மோட்டார் சைக்கிள் 110 கிலோ, தாங்கி 30, ஆக 140. இந்தப் பாரம் பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் நிற்கிறது. இரு அச்சுக்கும் இடைவெளி 2.4 மீற்றர் என்று கொள்வோம். 140ஐ 1.2ஆல் பெருக்கி 2.4ஆல் வகுத்தால் 70. முன்சில்லுகளில் 70 கிலோ குறையும். பின்சில்லுகளில் 210 கூடும். அலவாங்கால் கல் கிளப்புவது போலத்தான். கம்பளை–நுவரெலியா வீதியில், றம்பொடை வளைவுகளில், முன்பக்கம் இலேசான வண்டி ஸ்டியரிங்குக்கு அடங்காது. ஆகவே சிறிய காருக்கும் முச்சக்கர வண்டிக்கும் இது வேண்டாம். ஜீப்பிலும் கனமான சாமான்களை முன்னால் வையுங்கள். தாங்கியைப் பின்கதவுக்கு நெருக்கமாக அமையுங்கள்.

பம்பரில் பூட்டாதீர்கள். சேசிஸின் இரு பக்கமும் போல்ட் போடுங்கள். கொக்கியில் மட்டும் தொங்கினால் குழியில் விழும்போது முறுகும். சில்லு உட்கார சனல் இரும்பு போதும். கைப்பிடியை இரு பக்கமும் பட்டியால் கீழே இழுத்து, முன் ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை இறுக்குங்கள். பின்சில்லைத் தனியே கட்டுங்கள். டயர் புகைக்குழாயை நெருங்கக்கூடாது. பின்விளக்கு மறைந்தால் தாங்கியிலேயே இன்னொன்று பொருத்துங்கள். பெற்றோல் வால்வை மூடுங்கள். சில கிலோமீற்றர் போனதும் இறங்கி நட்டுகளைப் பாருங்கள். கல்லுப் பாதையில் புது நட்டு தளரும்.